நோட்டில் கிடக்கும் 340 ஹாம் ரேடியோ தொடர்புகள்: எந்த லாகிங் மென்பொருள், எந்தக் கருவி?

காஞ்சி_வானலை

வணக்கம் ஓஎம்களே, ஹாம் ரேடியோ நண்பர்களே. வியூ3 அழைப்புக்குறி கிடைத்து ஒன்றேகால் வருடம் ஆகிறது. காஞ்சிபுரத்தில் வீடு, மொட்டை மாடியில் 40 மீட்டர், 20 மீட்டர் பேண்டுகளுக்கு (அலைவரிசைகளுக்கு) இன்வர்ட்டட் வீ ஆன்டெனா கட்டியிருக்கிறேன். ரேடியோ யூபிட்எக்ஸ் வி6, போர்டு வாங்கி நானே பெட்டியில் போட்டது. இதுவரை 340 தொடர்புகள், எல்லாமே லாங் சைஸ் நோட்டில் கையால் எழுதியவை.

போன மாதம் ஜப்பானிலிருந்து ஒரு க்யூஎஸ்எல் கார்டு, அதாவது பேசியதை உறுதி செய்யும் அட்டை, வந்தது. அந்தத் தொடர்பை நோட்டில் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது, எடுத்துப் பார்த்தால் அவர் எழுதிய தேதிக்கும் நான் எழுதிய தேதிக்கும் ஒரு நாள் வித்தியாசம். அன்றைக்கே லாகிங்கை, அதாவது தொடர்புகளைப் பதிவதை, கணினிக்கு மாற்றிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அண்ணனுடைய பழைய லேப்டாப் இருக்கிறது, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. அதுவே போதுமா, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி வாங்கலாமா, இல்லை டேப்லெட்டா? அப்புறம், லாகிங் சரியாக வேண்டும் என்றால் ரேடியோவையே மாற்ற வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். பழைய ஐசி-7300 ரேடியோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, புது ஜி90-யும் பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பழைய_மோர்ஸ்

தம்பி, மென்பொருளைப் பிறகு பார்ப்போம். அந்த ஒரு நாள் வித்தியாசத்தை முதலில் பிடியுங்கள், இல்லாவிட்டால் அதே தப்பைக் கணினியிலும் ஏற்றிவிடுவீர்கள்.

நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுகிறீர்கள், தேதியை வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரைப் பார்த்து எழுதுகிறீர்கள், சரிதானே? நம் ஊரில் 5-ம் தேதி அதிகாலை 2 மணி என்றால் யூடிசியில் 4-ம் தேதி இரவு 20:30. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் நடுவில் பேசிய தொடர்புகளில் மட்டும்தான் இந்தத் தப்பு வரும். பகலில் பேசியதெல்லாம் சரியாகவே இருக்கும், அதனால்தான் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் நோட்டில் 18:30-லிருந்து 23:59 வரை நேரம் போட்ட வரிகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றிலும் ஒரு நாளைக் குறைத்துவிட வேண்டாம். இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து இரண்டு மணி வரை பேசியிருந்தால், பக்கத்தின் தலையில் முந்தைய தேதிதான் இருக்கும், அது யூடிசிக்குச் சரியான தேதி. வரி வரியாகத்தான் பார்க்க வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், நாளைக்கு லாக்புக் ஆஃப் தி வேர்ல்டில் (எல்ஓடிடபிள்யூ), தொடர்புகளை உறுதி செய்யும் இணையதளத்தில், ஏற்றுவீர்கள். அங்கே இரண்டு பேர் பதிவிலும் பேண்டும் மோடும் (பேச்சா, மோர்ஸா, டிஜிட்டலா என்பது) ஒத்துப்போய், நேரம் முப்பது நிமிடத்துக்குள் இருந்தால்தான் தொடர்பு உறுதியாகும். ஒரு நாள் தள்ளி இருந்தால் அந்த ஜப்பான் நண்பருக்கும் கிடைக்காது, உங்களுக்கும் கிடைக்காது.

இன்னொன்று. வியூ3 என்றால் நீங்கள் இப்போது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமம். நாளைக்கு ஜெனரல் கிரேடு தேறினால் வியூ2 வரும், அழைப்புக்குறியே மாறிவிடும். எந்த மென்பொருள் எடுத்தாலும் ஒவ்வொரு பதிவிலும் உங்கள் சொந்த அழைப்புக்குறி தனிப் புலமாகப் பதிவாகிறதா என்று முதல் நாளே பாருங்கள். எனக்கு அது பதிவாகவில்லை. வியூ2 கிடைத்த பிறகு எது பழைய குறியில் பேசியது, எது புதியதில் பேசியது என்று பிரிக்க ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்தேன்.

கோவை_அலைவரிசை

சார் சொன்னதை முடித்துவிட்டு இதைப் படியுங்கள்.

விண்டோஸ் லேப்டாப் கையில் இருக்கிறது, அன்றாடப் பேச்சு, கொஞ்சம் எஃப்டி8 டிஜிட்டல் மோடு என்றால் நான் லாக்4ஓஎம் சொல்வேன். இலவசம், பதிவுகளை எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பாக வைக்கும், அந்த ஒரே கோப்பைப் பென் டிரைவில் நகல் எடுத்தால் போதும். 4 ஜிபியில் ஓடும், திறக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுக்கும். என்1எம்எம் லாகர் பிளஸ் எல்லோரும் சொல்வார்கள், அதுவும் இலவசம், அது போட்டிக்காகச் செய்த மென்பொருள். போட்டி வார இறுதியில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை நாற்பது மீட்டரில் மதுரைக்காரரோடு அரை மணி நேரம் பேசிவிட்டு அவர் ஆன்டெனா விவரத்தை எழுதி வைக்க அது வசதிப்படாது. டிஎக்ஸ் (தொலைதூர) நாடுகளை எண்ணி விருதுகளைத் துரத்துகிறவர் என்றால் டிஎக்ஸ்லேப் தொகுப்பில் உள்ள டிஎக்ஸ்கீப்பர் மிக நுணுக்கமானது, கற்றுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும். ஹாம் ரேடியோ டீலக்ஸுக்குக் காசு கட்ட வேண்டும், ஆரம்பத்தில் அவசியமே இல்லை.

யூபிட்எக்ஸை இணைப்பது பற்றி. ஹைதராபாத்தில் அஷர் ஃபர்ஹான், வியூ2இஎஸ்இ, வடிவமைத்த அந்த ரேடியோ, கணினியிடம் பேசும்போது தன்னை யேசு நிறுவனத்தின் எஃப்டி-817 என்று சொல்லிக்கொள்ளும். ஆகவே மென்பொருளில் 817 என்று தேர்ந்தெடுத்து வேகத்தை 38400 என்று வையுங்கள். உள்ளே இருப்பது ஆர்டுயினோ நானோ, அதனால் காம் போர்ட்டை (கணினி ரேடியோவோடு பேசும் வழியை) திறக்கும் நொடியில் ரேடியோ ஒருமுறை அணைந்து எழும். பயப்பட வேண்டாம், இரண்டு மூன்று நொடி விட்டுவிட்டுத் தொடரலாம்.

அப்புறம் எல்லோரும் முட்டிக்கொள்ளும் ஒரு இடம் உண்டு. ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடிக்க முடியும். லாக்4ஓஎம் திறந்திருக்கும்போது எஃப்டி8-க்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் நிரலைத் திறந்தால் ரேடியோ கிடைக்கவில்லை என்று சிவப்பாகக் காட்டும். நடுவில் ஆம்னிரிக் என்ற சின்ன நிரலைப் போட்டுவிட்டால் அது ரேடியோவைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இரண்டும் அதனிடம் கேட்டுக்கொள்ளும்.

நெல்லை_டைபோல்

அக்கா சொல்வதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப்பில் 11 ஏறும் என்று தோன்றவில்லை. இணையத்தோடு இணைத்து வைத்து ஓட்டப்போகும் இயந்திரம் அது. லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டு க்யூலாக் நிறுவுங்கள். அதுவும் எஸ்க்யூலைட்தான், ஹாம்லிப் என்ற இணைப்பு நிரல் வழியாக யூபிட்எக்ஸோடு பேசும், டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸிலிருந்து பதிவுகளைத் தானே வாங்கிக்கொள்ளும். சிக்யூஆர்லாக் இன்னும் பழையது, நல்லது, ஆனால் உள்ளே மரியாடிபி தரவுத்தளம் ஓடுவதால் சில நேரம் அது எழவில்லை என்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நான் இப்போது வைத்திருப்பது வேவ்லாக். கிளவுட்லாகிலிருந்து பிரிந்து வளர்ந்தது, உலாவியில் திறக்கும், வீட்டில் ஒரு சின்னக் கணினியில் ஓடுகிறது. மொட்டை மாடியில் போனில் திறந்தாலும் அதே லாக், ஆபீஸில் திறந்தாலும் அதே லாக். ஒருமுறை இந்த வசதிக்குப் பழகிவிட்டால் திரும்பப் போக மனம் வராது.

பழைய_மோர்ஸ்

முதல் லாகிங் மென்பொருளுக்கே சர்வர் வைக்கச் சொல்ல வேண்டாம் நெல்லை. அவர் 340 தொடர்பு ஆள். ரேடியோ பக்கம் உட்காரும் நேரத்தைப் பிஎச்பியும் தரவுத்தளமும் தின்றுவிடும்.

காஞ்சி_வானலை

எல்லோருக்கும் நன்றி. சார் சொன்னது அப்படியே உண்மை, காலண்டர் பார்த்துத்தான் தேதி எழுதியிருக்கிறேன். ஒரு கேள்வி. நான் பேசாமல் எக்செலில் தட்டி வைத்துக்கொண்டால் என்ன? எல்லா மென்பொருளும் ஏடிஐஎஃப், ஏடிஐஎஃப் என்கின்றன, அது எக்செலிலிருந்து வராதா?

கோவை_அலைவரிசை

வரவைக்கலாம், ஆனால் வேண்டாம். காரணம் சொல்கிறேன், இது தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

ஏடிஐஎஃப் என்பது 1996-லிருந்து இருக்கும் பரிமாற்ற வடிவம். எந்த நிரலிலிருந்தும் எந்த நிரலுக்கும் லாகை எடுத்துப் போக அதுதான் பொது மொழி. அந்த வடிவத்தில் உள்ள ஒரு ஏடிஐ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். கோணக் குறிக்குள் புலத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு எண், அடைப்பு முடிந்ததும் விவரம். அந்த எண்தான் சூட்சுமம். அதற்குப் பின்னால் எத்தனை எழுத்துகளைப் படிக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. அழைப்புக்குறி ஐந்து எழுத்து என்று போட்டிருக்கும் இடத்தில் நீங்கள் கையால் திருத்தி ஆறெழுத்துக் குறியை எழுதிவிட்டு எண்ணை மாற்றாமல் விட்டால், ஏற்றும் நிரல் ஐந்தோடு நிறுத்திவிடும். கடைசி எழுத்து போய்விடும், பிழை என்றும் சொல்லாது. ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு நூற்றுக்கணக்கில் திருத்தியவர்களின் லாகில் இப்படி வாலறுந்த அழைப்புக்குறிகளை நானே பார்த்திருக்கிறேன். திருத்துவதை எப்போதும் லாகிங் நிரலுக்குள்ளேயே செய்யுங்கள்.

இரண்டாவது, ஏடிஐ கோப்புக்குள் சாதாரண ஆங்கில எழுத்துகள்தான் போக வேண்டும். குறிப்புப் புலத்தில் தமிழில் எழுதினால் உங்கள் நிரலில் அழகாகத் தெரியும், ஏற்றுமதி செய்து வேறொன்றில் திறந்தால் கேள்விக்குறிகளாகிவிடலாம். மற்ற மொழி எழுத்துகளுக்கென்று ஏடிஎக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில் தனிப் புலங்கள் உண்டு, ஆனால் எல்லா நிரலும் அதைத் தொடுவதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம், ராமநாதபுரத்துக்காரர் பெயரை அவர் எழுதும்படியே எழுதி வைக்கத்தான் ஆசை.

மூன்றாவது, மோடு. எஃப்டி8 என்றால் மோடு புலத்திலேயே எஃப்டி8. ஆனால் எஃப்டி4 என்றால் மோடு எம்எஃப்எஸ்கே, துணை மோடில்தான் எஃப்டி4. எக்செலிலிருந்து நீங்களாகச் செய்தால் இதெல்லாம் தெரியாமல் ஏற்றிவிட்டு, பாதி ஏன் திரும்பி வந்தது என்று குழம்புவீர்கள்.

நோட்டிலிருந்து ஏற்ற எஃப்எல்இ பயன்படுத்துங்கள், ஃபாஸ்ட் லாக் என்ட்ரி. தேதியை ஒருமுறை, பேண்டை ஒருமுறை, மோடை ஒருமுறை தட்டினால் போதும். பிறகு வரிக்கு ஒரு நேரம், ஒரு அழைப்புக்குறி. நேரத்தில்கூட மாறிய இலக்கத்தை மட்டும் தட்டலாம், 1234-க்கு அடுத்த வரியில் வெறும் 5 போட்டால் 1235 என்று எடுத்துக்கொள்ளும். நோட்டின் பக்கமும் இப்படித்தான் இருக்கும் என்பதால் கண்ணும் கையும் ஒரே வேகத்தில் போகும். 340 வரி இரண்டு மூன்று மாலை வேலை.

கொழும்பு_சிற்றலை

கொழும்பிலிருந்து எழுதுகிறேன், 4எஸ்7 என்று தொடங்கும் இலங்கை அழைப்புக்குறி. இந்த இழை எனக்கென்றே வந்தது போல இருக்கிறது. என்னுடைய மாமா 1990-களில் எழுதிய ஐந்து கொப்பிகள் என்னிடம் இருக்கின்றன, அவர் இப்போது இல்லை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்று தொடங்கியிருக்கிறேன். நேரம் உள்ளூர் நேரமா யூடிசியா என்று கொப்பியில் எங்கேயும் எழுதவில்லை. உள்ளூர் நேரம் என்றால் ஐந்தரை மணித்தியாலம் கழிக்கவும் ஏலாது. இலங்கையில் 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி ஆறரை ஆக்கினார்கள், அதே வருடம் அக்டோபர் 26-ல் ஆறாக்கினார்கள், 2006 ஏப்ரலில்தான் திரும்பவும் ஐந்தரைக்கு வந்தது. எந்தக் கொப்பிக்கு எவ்வளவு கழிப்பது? ஆருக்காவது வழி தெரியுமா?

பழைய_மோர்ஸ்

மாமா போட்டிகளில் கலந்துகொண்டிருக்கிறாரா? கொப்பியில் ஏதாவது வார இறுதியில் திடீரென்று நூற்றுக்கணக்கில் தொடர்புகள், எல்லாவற்றிலும் 59 என்ற சிக்னல் ரிப்போர்ட், அப்புறம் ஒரு சோன் (உலக மண்டல) எண், அப்படி வரிசையாக இருக்கிறதா பாருங்கள். இலங்கையும் இந்தியாவும் சிக்யூ 22-ம் சோன், அவர் கொடுத்தது 22 ஆக இருக்கும். சிக்யூ வேர்ல்டு வைடு போட்டி சனிக்கிழமை யூடிசி 00:00-க்குத் தொடங்கும், எஸ்எஸ்பி (பேச்சு) அக்டோபர் கடைசி முழு வார இறுதி, சிடபிள்யூ (மோர்ஸ்) நவம்பர் கடைசி. அதற்கு ஒரு நிமிடம் முன்னால்கூட யாரும் தொடர்பு எடுக்க முடியாது. முதல் வரி 00:00-ஐ ஒட்டி இருந்தால் அவர் யூடிசி எழுதியிருக்கிறார். ஐந்தரை, ஆறு என்று இருந்தால் உள்ளூர் நேரம். வருடத்துக்கு ஒரு போட்டி கிடைத்தால் போதும், கொப்பியையே அதை வைத்து அளந்துவிடலாம்.

மூலக் கொப்பியில் ஒன்றும் எழுதாதீர்கள். ஏற்றும்போது, எழுதிய நேரம் என்ன, மாற்றிய நேரம் என்ன என்று குறிப்புப் புலத்தில் இரண்டையும் போட்டு வையுங்கள்.

கொழும்பு_சிற்றலை

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. போட்டிப் பக்கங்கள் இருக்கின்றன, நான் பார்த்தேன். தேடிவிட்டு வந்து சொல்கிறேன்.

ஏற்காடு_பயணி

டேப்லெட்டா என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் வேண்டாம், வெளியே போகும்போது கட்டாயம் வேண்டும். போனில் ஹாம்2கே போலோ என்ற செயலி, இலவசம், நெட் இல்லாமலே ஓடும். பூங்காக்கள், மலைகள் என்று வெளியில் நின்று பேசுகிறவர்களுக்காகவே செய்தது. திரும்பி வந்ததும் ஏடிஐஎஃப் எடுத்து வீட்டு லாகில் சேர்த்துவிடுவேன்.

கவனம் வைக்க வேண்டியது கிரிட், அதாவது பேசும் இடத்தைச் சொல்லும் கட்டக் குறி. காஞ்சிபுரம் எம்கே92. சென்னை நகரம் என்கே03. எழுபது கிலோமீட்டர்தான், ஆனால் எண்பது பாகை தீர்க்கரேகை நடுவில் போவதால் எழுத்தே மாறிவிடும். ஏற்காடு எம்கே91, கோயம்புத்தூர் எம்கே81. எங்கிருந்து பேசினீர்களோ அந்தக் கிரிட்டோடு லாக் போக வேண்டும், எல்ஓடிடபிள்யூவுக்கு ஏற்ற உதவும் டிக்யூஎஸ்எல் நிரலிலும் அதற்கென்று தனி ஸ்டேஷன் லொகேஷன் செய்து கையெழுத்திட வேண்டும். நான் ஆரம்பத்தில் எல்லா மலையையும் வீட்டுக் கிரிட்டிலேயே ஏற்றிவிட்டேன், கிரிட் சேகரிக்கிறவர்கள் வரிசையாகக் கேட்டார்கள்.

அப்புறம் போனை ரேடியோவோடு கேபிளில் இணைக்க முயல வேண்டாம், மலையில் நின்றுகொண்டு அதோடு போராடும் நேரத்துக்கு அதிர்வெண்ணைக் கையால் தட்டிவிடலாம்.

நெல்லை_டைபோல்

ராஸ்பெர்ரி பை பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான்தான் சர்வர் வைக்கச் சொன்ன ஆள்.

முதலில் பை 4-ஐ எஸ்டி கார்டில் ஓட்டினேன். எங்கள் பகுதியில் கோடையில் கரண்ட் அடிக்கடி போய் வரும். தரவுத்தளம் எழுதிக்கொண்டிருக்கும்போதே பலமுறை கரண்ட் போய், ஒரு நாள் கார்டு எழவே இல்லை. பதினோரு மாத லாக். நகல் எடுக்கும் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன், அதுவும் அதே கார்டில்தான் நகலை எழுதிக்கொண்டிருந்தது. எல்ஓடிடபிள்யூவிலும் கிளப் லாக் இணையதளத்திலும் ஏற்றியிருந்ததால் அங்கிருந்து அழைப்புக்குறி, நேரம், பேண்டு, மோடு கிடைத்தன. ஆனால் எல்ஓடிடபிள்யூ சிக்னல் ரிப்போர்ட்டையும் பெயரையும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பெரியவர் மாலத்தீவிலிருந்து தன் பேத்தி பிறந்த கதையைச் சொன்ன இரவு, நேரமும் அதிர்வெண்ணும் மட்டும் மிச்சம். குறிப்பில் எழுதியிருந்த எல்லாம் போய்விட்டது.

இப்போது யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகிறது, 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியிலிருந்து ஓடுகிறது, தினமும் இரவு ஏடிஐஎஃப் ஒன்று வேறு வீட்டில் இருக்கும் தம்பியின் கணினிக்குப் போகிறது. இதையெல்லாம் செய்யத் தயாராக இருந்தால் மட்டும் பை வாங்குங்கள். லேப்டாப்புக்கு உள்ளேயே பேட்டரி இருக்கிறது, அந்த ஒரு காரணத்துக்காகவே ஷாக்கில் (ரேடியோ அறையில்) அது உசத்தி என்று நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று, பை 4-ல் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. நெட் இல்லாத இடத்தில் எழுப்பினால் கடைசியாக அணைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். பதினைந்து நொடிச் சுற்றில் ஓடும் எஃப்டி8 அதில் டிகோடே ஆகாது, லாகிலும் தப்பு நேரம். டிஎஸ்3231 கடிகாரச் சில்லு அல்லது யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்று வேண்டும். பை 5-ல் கடிகாரம் உள்ளே வந்துவிட்டது, அதற்குப் பேட்டரி தனியாக வாங்க வேண்டும்.

காஞ்சி_வானலை

நெல்லை அண்ணா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. சரி, லேப்டாப்தான். தேதிகளைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று ரேடியோவை லேப்டாப்போடு இணைத்தேன். 40 மீட்டரில் அதிர்வெண் லாகில் தானாக வந்தபோது அவ்வளவு சந்தோஷம். ஆனால் 20 மீட்டரில் பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தியதும் மவுஸ் அப்படியே நிற்கிறது, யூஎஸ்பி துண்டிக்கப்பட்ட சத்தம் வருகிறது. கேபிள் மாற்றியும் அப்படித்தான். அப்புறம் லேப்டாப் சார்ஜர் போட்டிருந்தால் 40 மீட்டரில் இரைச்சல் சிக்னல் மீட்டரில் எஸ்6 வரை ஏறுகிறது. இது இரண்டும் ஒரே வியாதியா?

கோவை_அலைவரிசை

இரண்டு வியாதி, மருந்து ஏறக்குறைய ஒன்று.

பிடிடி அழுத்தினால் யூஎஸ்பி அறுவது, உங்கள் ஆர்எஃப் (ரேடியோ ஆற்றல்) கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் இறங்கி ஷாக்குக்குள் வருவதால். ஆன்டெனாவுக்கு ஊட்டும் இடத்தில் பாலன் (ஆன்டெனாவையும் கோஆக்ஸையும் பொருத்தும் கருவி) இல்லாமல் நேரடியாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே வெளிப்புற மின்னோட்டத்தைத் தடுக்கும் காமன் மோடு சோக் ஒன்று போடுங்கள், 31 வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்ஸை ஒன்பது பத்துச் சுற்று. முதல் மருந்து அங்கேதான், லேப்டாப் பக்கம் பார்ப்பது இரண்டாவது. அப்படியும் மிச்சம் இருந்தால் யூஎஸ்பி கேபிளைச் சின்னதாக வாங்கி, இரண்டு முனையிலும் ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். கிளிப் போல மாட்டும் சின்ன ஃபெரைட்டில் ஒரே ஒரு முறை நுழைத்தால் எச்எஃபில் (சிற்றலையில்) பெரிதாக ஒன்றும் நடக்காது, சுற்று எண்ணிக்கை ஏற ஏறத்தான் தடை ஏறும்.

சார்ஜர் இரைச்சல் உள்ளே வரும் கதை. கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், இரைச்சல் விழுந்தால் குற்றவாளி அதுதான். சார்ஜரின் இரண்டு பக்க ஒயரையும் வளையத்தில் சுற்றலாம், இல்லாவிட்டால் கேட்கும் நேரத்தில் கழற்றி வைக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

பழைய_மோர்ஸ்

ரேடியோ கேள்விக்கு வருகிறேன், அதை யாரும் தொடவில்லை.

லாகிங்குக்காக மட்டும் என்றால் மாற்ற வேண்டாம், உங்கள் யூபிட்எக்ஸ் அதிர்வெண்ணைச் சொல்கிறது, அதற்கு மேல் லாகுக்கு வேறென்ன தேவை? ஆனால் டிஜிட்டல் பக்கம் அதிகம் போகப்போகிறீர்கள் என்றால் ஒரே யூஎஸ்பி கேபிளில் கட்டுப்பாடும் ஒலியும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். ஐசி-7300-ல் ஒலி அட்டை உள்ளேயே இருக்கிறது, ஒரு கேபிள் செருகினால் முடிந்தது. மெனுவில் சிஐ-வி (அந்த ரேடியோவின் கட்டுப்பாட்டு வழி) யூஎஸ்பி போர்ட்டை ரிமோட் ஜாக்கிலிருந்து பிரித்துவிட்டால் 115200 வேகம் வரை போகும். யேசு எஃப்டி-891-ல் யூஎஸ்பி உண்டு, அதில் கட்டுப்பாடு மட்டும்தான், ஒலிக்குத் தனி இன்டர்ஃபேஸ் வேண்டும். ஜி90-லும் ஒலிக்கு இன்டர்ஃபேஸை வெளியில்தான் வாங்கியாக வேண்டும், டிஜிரிக் போல ஒரு சின்னப் பெட்டி கட்டுப்பாட்டையும் ஒலியையும் ஒரே யூஎஸ்பிக்குள் கொண்டுவரும். விலையை ஒப்பிடும்போது இந்தப் பெட்டியையும் கேபிளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழைய 7300 வாங்கப் போகும்போது லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போய் யூஎஸ்பியைச் செருகிப் பாருங்கள். பேண்டு பேண்டாகத் திருகிப் பார்த்து வாங்கிவிட்டு, பின்பக்க யூஎஸ்பி செத்திருப்பதை வீட்டில் வந்து கண்டுபிடித்தவர் எங்கள் ஊரிலேயே உண்டு.

நோட்டையும் தூக்கி வைத்துவிட வேண்டாம். 1978-ம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளிலேயே பதிவேடு வைக்கச் சொல்லியிருக்கிறது, அது ஒரு காரணம். 2004 டிசம்பர் 26 அன்று பாரதி பிரசாத், வியூ4ஆர்பிஐ, போர்ட் பிளேரில் இருந்தார். உலகத்துக்கு அந்தமான் தொடர்பு கொடுக்கப் போனவர், சுனாமி வந்ததும் அதே நிலையத்தை அவசரச் செய்திக்குத் திருப்பினார். அப்படி ஒரு நாளில் யார், எப்போது, யாருக்குச் செய்தி சொன்னார் என்பதுதான் பதிவு. கரண்ட் இல்லாத மூன்றாம் நாள் எந்த லேப்டாப் எழும்? பேனாவும் நோட்டும் மேசையில் இருக்கட்டும்.

நெல்லை_டைபோல்

எல்ஓடிடபிள்யூ கணக்குத் தொடங்கும்போது ஒன்று, இதில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். டிக்யூஎஸ்எல் நிரலில் சான்றிதழ் கேட்கும் அந்தக் கணினியிலேயே உங்கள் ரகசியச் சாவி உருவாகும். நாம் உரிம நகலும் இன்னொரு அடையாளச் சான்றும் அனுப்பி, அவர்கள் பார்த்து, பதில் கோப்பு வரச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டால் வந்த கோப்புக்குச் சாவி இருக்காது, திரும்ப முதலிலிருந்து. லினக்ஸ் போடுவதாக இருந்தால் முதலில் போட்டுவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். சான்றிதழ் ஏறியதும் பி12 கோப்பாக ஒரு நகல் எடுத்துப் பென் டிரைவில் வையுங்கள்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்று லாகை அங்கேயே விட்டுவிடவும் கூடாது. 2024 மே மாதம் எல்ஓடிடபிள்யூவை நடத்தும் அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் மீது நடந்த சைபர் தாக்குதலுக்குப் பிறகு எல்ஓடிடபிள்யூ ஜூலை 1 வரை திறக்கவில்லை. அந்த ஆறு வாரமும் வீட்டில் லாக் வைத்திருந்தவர்கள் ஒன்றும் இழக்கவில்லை, திறந்ததும் ஏற்றினார்கள்.

காஞ்சி_வானலை

பத்து நாள் கழித்து வருகிறேன்.

லினக்ஸ் மின்ட் போட்டு க்யூலாக் நிறுவிவிட்டேன். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன், எஃப்எல்இ மட்டும் அண்ணனுடைய விண்டோஸ் கணினியில் ஓட்டினேன். 340 வரியும் ஏறிவிட்டது. 18:30-க்கு மேல் இருந்தவை 58 வரிகள், அதில் தேதி தப்பானவை 31, மீதி 27 சார் சொன்ன மாதிரி இரவு பத்து மணிக்கே ஆரம்பித்தவை, சரியாகத்தான் இருந்தன. கோஆக்ஸில் சோக் சுற்றியதும் மவுஸ் நிற்பது போய்விட்டது, யூஎஸ்பிக்கு ஃபெரைட் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. 7300 இப்போதைக்கு இல்லை. ஜப்பான் நண்பருக்குச் சரியான தேதியோடு கார்டு எழுதி அனுப்பிவிட்டேன், எல்ஓடிடபிள்யூவுக்கு உரிம நகல் போயிருக்கிறது.

கோவை_அலைவரிசை

எதற்குக் கோபம், லாக் ஏறியதே. இப்போதே ஒரு ஏடிஐஎஃப் ஏற்றுமதி செய்து வேறு ஏதாவது நிரலில் திறந்து 340 வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது.

காஞ்சி_வானலை

எண்ணினேன் அக்கா, 339 வந்தது. ஒரே நிமிடத்தில் ஒரே நிலையத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன், ஒன்றை அது இரட்டைப் பதிவு என்று தள்ளியிருக்கிறது. நோட்டில் பார்த்தால் இரண்டாவது 20 மீட்டர், நான் பேண்டை மாற்றித் தட்ட மறந்திருக்கிறேன். திருத்திவிட்டேன்.

கொழும்பு_சிற்றலை

மோர்ஸ் ஐயாவுக்கு. போட்டிப் பக்கங்களைக் கண்டுபிடித்தேன். 1995 அக்டோபரில் முதல் வரி 05:34, உள்ளூர் நேரம்தான். 1999-ல் முதல் வரி 00:01, அதற்குள் யூடிசிக்கு மாறிவிட்டார். எங்கே மாறினார் என்று பக்கம் பக்கமாகத் தேடினேன், 1998 பெப்ரவரியில் ஒரு பக்கத்தின் குறுக்கே சிவப்புப் பேனையால் கோடு இழுத்திருக்கிறார், வேறு ஒன்றும் எழுதவில்லை. கோட்டுக்கு மேலே கழிக்க வேண்டும், கீழே கழிக்கத் தேவையில்லை.

1996-ல் அந்தப் போட்டி தொடங்கியதும் அக்டோபர் 26-தான், கடிகாரத்தை மாற்றிய அதே நாள். பழைய நேரத்திலேயே கடிகாரத்தை விட்டிருந்தால் ஆறரைக்கு முன் ஒரு தொடர்பும் இருக்க முடியாது. கொப்பியில் முதல் வரி 06:03. மாமா அன்று விடிய முன்னரே எழும்பிக் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் ரேடியோவுக்கு முன்னால் இருந்திருக்கிறார்.